வெயிலில் தொடக்கூடாத பெட்டி

சியாமின் சாமான் பையில் ஒரு புதுப் பெட்டி பிரிக்கப்படாமலே கிடந்தது. கையகல வெள்ளைப் பெட்டி, நடுவில் சிவப்புத் திருகுபிடி. பையைத் துடைத்து வைக்கும்போதெல்லாம் அது நிஃப்லாவின் கையில் தட்டுப்படும். இது ஏன் இன்னும் இங்கே கிடக்கிறது என்று கேட்டால் அவள் கணவன் சியாம் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தான்.

“அது நஃபீஸா ராத்தாட வூட்டுச் சோலருக்கு. இத்தா முடியட்டும், மாத்துவம்.”

அவர்கள் அக்காபோல வைத்திருந்த நஃபீஸா இரண்டு வேலி தள்ளி இருந்தாள். அவள் கணவன் நளீர் லொறி ஓட்டியவன். பாலாவிச் சந்தியில் உப்பு மூட்டை ஏற்றிக்கொண்டு நின்றபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் பிறகு எழும்பவில்லை. கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருப்பாள், அந்நிய ஆண்கள் அவள் முன்னால் போகமாட்டார்கள். அதுதான் இத்தா. ஊரில் அதைச் சின்னப் பிள்ளைக்கும் விளக்க வேண்டியதில்லை.

சியாமுக்கு அது வசதியாகப் போயிற்று. ஓர் ஆம்பிளை “இத்தா வூடு” என்று சொல்லித் தயங்கினால் அதற்குமேல் யாரும் குடைந்து கேட்கமாட்டார்கள். மரியாதை தெரிந்த பிள்ளை என்று நல்ல பெயர்கூடக் கிடைக்கும். அந்த நல்ல பெயருக்குப் பின்னால் அவன் ஒளித்து வைத்திருந்தது வேறு சங்கதி.

அந்தச் சங்கதியை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. கூரையில் பூட்டிய சோலர் பெனலை வெயில் இருக்கும்வரை யாராலும் நிறுத்த முடியாது. செய்யக்கூடியதெல்லாம் அங்கிருந்து வரும் கரண்டை வழியில் வெட்டிவிடுவதுதான். அதற்குத்தான் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் சுவிட்ச். மின்கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் கரண்டு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் செத்துச் செத்துப் பிழைப்பது. வீட்டு ட்ரிப் சுவிட்சைக் கீழே தள்ளும்போது உள்ளே கிளம்பும் பொறி, அந்தச் சாவில் தானும் சேர்ந்து அணைந்துவிடும். வெயிலின் கரண்டு அப்படி விட்டுவிட்டு வருவதில்லை, ஒரே பிடியாக வரும். அதை வீட்டுச் சுவிட்சால் வெட்டப்போனால் பொறி அணையாது. இரண்டு முனைக்கும் நடுவில் நின்று, பிளாஸ்டிக் உருகி ஒழுகும்வரை எரியும். சோலருக்கென்றே செய்த சுவிட்ச் வேறு. கட்டாரில் அந்த வேலையே செய்துவிட்டு வந்த சியாமுக்கு இது தெரியாததல்ல.

தெரிந்துதான் செய்தான். டீசலும் இல்லாமல், சமையல் காஸும் இல்லாமல், நாளில் பாதி நேரம் கரண்டும் இல்லாமல் நாடு கிடந்த வருடம் அது. வெளிநாட்டில் பிள்ளைகளும் கையில் கொஞ்சம் சேமிப்பும் இருந்தவர்கள் சோலர் பூட்டச் சொல்லி அவனைத் தேடி வந்தார்கள். பெரும்பாலும் முகாம் ஆட்கள். முகாம் என்பது பெயரில்தான். தொண்ணூறில் மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்தவர்கள் எப்போதோ கல்வீடு கட்டிவிட்டார்கள், பெயர் மட்டும் போகவில்லை. வெளியில் இருந்து கொம்பனிக்காரன் வந்தால் அவர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். “நம்மட புள்ள” பூட்டினால் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். கொழும்பில் சரியான சுவிட்ச் இல்லை, கப்பல் வரவில்லை என்றார்கள். சியாம் கடையில் கிடைத்த வீட்டுச் சுவிட்சைப் பூட்டினான். இப்போதைக்கு, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான்.

பிறகு கப்பல் வந்தது, சாமானும் வந்தது. உப்புக் காற்றில் பழசு துருப்பிடித்துவிட்டது என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வீடாக மாற்றிக்கொண்டு வந்தான். மிஞ்சியது மூன்று இடம். நுரைச்சோலையில் பஸ்தியான் என்பவரின் வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர்ப் பம்ப், முகாமில் ஹஃபீலாவின் வீடு, நஃபீஸாவின் வீடு. அந்த நேரத்தில்தான் நளீர் மௌத்தானான். இதில் ஒன்றுமே நிஃப்லாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஸ்தியானின் கோல் வந்தது. போனை சியாம் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாலும் அந்த மனிதரின் குரல் குசினியில் சமைத்துக்கொண்டிருந்த நிஃப்லாவுக்கும் கேட்டது.

“தம்பி, நேத்து மத்தியானம் பம்ப நிப்பாட்டுவமெண்டு சுவிச்சக் கீழ தள்ளினன். பெட்டிக்குள்ள இருந்து நெருப்பு வெளிய வந்திட்டு. கொட்டில் முழுக்க எரிஞ்சு போச்சு. மாதா புண்ணியத்தில நான் பின்னால விழுந்திட்டன்.”

சியாம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். ஜும்ஆத் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால்தான் திரும்பி வந்தான். முகத்தில் ஈயாடவில்லை. குளித்துவிட்டு வந்து சட்டைப் பொத்தானைப் பிழையாகப் பூட்டிக்கொண்டு நின்றவன், நிஃப்லாவைக் கூப்பிட்டான்.

“நஃபீஸா ராத்தாட வூட்ட ஒருக்காப் போய்ட்டு வா. அந்தச் சோலர்ப் பெட்டி சரியில்லயாம், நாளைக்கு விடியச் சுபஹோட நான் வந்து மாத்துறனாம் எண்டு சொல்லு. மர்ஸூக் நானாவும் வந்து நிக்கட்டும்.”

மர்ஸூக் நஃபீஸாவின் கூடப்பிறந்தவன்.

“இத்தா முடியட்டும் எண்டீங்க?”

“இப்ப மாத்தவேணும்.”

“என்ன சரியில்ல? சும்மா சரியில்லயெண்டாப் பயப்புடுவாவே.”

“சொன்னா உனக்கு விளங்காது நிஃப்லா. பாங்கு சொல்லப்போகுது.”

வாசற்படியில் ஒரு காலை வைத்தபடி அவன் கொஞ்ச நேரம் நின்றான். ஏதோ சொல்ல வாயெடுத்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவன் சொல்ல வேண்டியிருந்தது ஒரே சொல். தொடாதே என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். அந்த ஏனுக்குப் பின்னால் முகாம் முழுக்க வந்து நிற்கும். சொல்லை மென்று விழுங்கிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டான். பள்ளிக்குப் போகிற அவசரத்தில் விட்டதுபோல இருக்கும் அது. அவசரத்தில் விட்டதல்ல.

நஃபீஸா பின்னறையில் தைத்துக்கொண்டிருந்தாள். நளீர் போனபின் அந்த மெஷின்தான் வீட்டுக்குச் சோறு போட்டது. பள்ளிக்கூடம் தொடங்கும் காலம், வெள்ளைச் சீருடைத் துணி அவளைச் சுற்றி இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் நன்றாக விழும் மூலை என்று மெஷினை அங்கே போட்டிருந்தாள். சுவரில் அதற்கு நேர் மேலேதான் அந்தப் பெட்டி. இரண்டு பெண்பிள்ளைகளும் பாயில் படுத்து வெட்டுத்துணியில் பொம்மைக்குச் சட்டை உடுத்திக்கொண்டிருந்தார்கள்.

“வா நிஃப்லா. இரி. தேத்தண்ணி வெக்கட்டா?”

“வேணாம் ராத்தா. இவரு ஒரு கதை சொல்லி அனுப்பினாரு. இந்தப் பெட்டி சரியில்லயாம். இத்தா முடியட்டும் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தாராம். இப்ப உடனே மாத்தவேணுமாம். நாளைக்குச் சுபஹோட வாறாராம், மர்ஸூக் நானாவயும் வெச்சிக்கொண்டு.”

நஃபீஸா மெஷினை நிறுத்திவிட்டுத் தலைக்கு மேலே பார்த்தாள். “சரியில்லயெண்டா? எரியுமா?”

“அதெல்லாம் சொல்லயில்ல.”

“என்ட அல்லாஹ். புள்ளையள் ரெண்டும் இதுக்குக் கீழதானே படுக்குதுகள்.”

அந்தப் பயம் நிஃப்லாவையும் தொற்றிக்கொண்டது. காலையில் கேட்ட பஸ்தியானின் குரல் நினைவுக்கு வந்தது. அது பெட்டியைப் பற்றியது என்று அவளுக்குத் தெரியும். கீழே தள்ளியதால் வந்தது என்பது விளங்கவில்லை. கெட்டுப்போன பெட்டி, எரிந்துவிட்டது, அவ்வளவுதான். ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொல்லக்கூடியதை அவள் சொன்னாள்.

“பயமெண்டா அவரு வரும்வரைக்கும் அத நிப்பாட்டி வையுங்க ராத்தா. நிப்பாட்டினாப் பயமில்லதானே.”

யார்தான் அப்படிச் சொல்லமாட்டார்கள்? இடி இடித்தாலும், வயர் அறுந்தாலும், வீட்டுக்குள் தண்ணீர் வந்தாலும் ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளுவதுதானே நாம் எல்லாரும் பழகிய பாதுகாப்பு.

“ஓம், அதுதான் சரி,” என்றாள் நஃபீஸா. “இந்தக் கையை மட்டும் தைச்சி முடிச்சிட்டு நிப்பாட்டுறன். ஜஸாக்கல்லாஹ் நிஃப்லா. உன்ட மாப்பிளைக்கும் சொல்லு.”

நிஃப்லா வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். ஆணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது பிள்ளைகளின் கூக்குரல் கேட்டது. துருவலை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

ஜும்ஆ முடிந்து ஆண்கள் ஒழுங்கை நிறைய வந்துகொண்டிருந்த நேரம். அத்தனை பேருக்கும் முன்னால், வெள்ளைத் துணி கருகித் தொங்க, நஃபீஸா இரண்டு பிள்ளைகளையும் முழங்கையால் இடித்து இடித்து வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். கையால் பிடிக்கவில்லை. பிடிக்கக் கை இல்லை. சுவிட்சைக் கீழே தள்ளியதும் வெல்டிங் அடிப்பது போன்ற வெளிச்சம் வந்ததாம். உருகிய பிளாஸ்டிக் சொட்டித் துணிக் குவியல் தீப்பிடிக்க, பிள்ளைகள் அதற்கு அந்தப் பக்கம். வெறுங்கையால் அடித்து அடித்து வழி எடுத்திருக்கிறாள்.

வாப்பா வயதுக்காரர் ஒருவர் தன் சால்வையை எறிந்து அவளை மூடினார். நிஃப்லா பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார்கள். வீட்டில் மின்விசிறி நின்றது, ரேடியோ நின்றது. பெட்டி மட்டும் நிற்கவில்லை. சுவரில் அது சீறிச் சீறி எரிந்துகொண்டே இருந்தது. மண்ணள்ளி எறிந்தும் அடங்கவில்லை.

“பெனல மூடுங்க,” என்று கத்திக்கொண்டு சியாம் மதிலில் ஏறிக் கூரைக்குத் தாவினான். “வெயில் படக்கூடாது. பாய் கொண்டாங்க, தறப்பாள் கொண்டாங்க.”

பள்ளிப் பாய்களைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஒன்றன்மேல் ஒன்றாகக் கைமாற்றி மேலே கொடுத்தார்கள். கடைசிப் பாய் விரிந்ததும் உள்ளே சீறல் நின்றது. பிறகு துணி எரிவதை வாளித் தண்ணீரால் அணைத்தார்கள்.

மர்ஸூக் நஃபீஸாவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனபின்னும் நிஃப்லா ஒழுங்கையில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். பாய்களுக்கு நடுவில் அவள் மாப்பிள்ளை முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாயால் மூடினால் கரண்டு வராதென்றால், நஃபீஸாவை அடுத்த வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு இதை எந்த நாளும் செய்திருக்கலாம். நேற்றுச் செய்திருக்கலாம். நளீர் மௌத்தான வாரமே செய்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் சியாம் கேட்ட முதல் கேள்வி, “ஆரு அத நிப்பாட்டச் சொன்னது?”

“நான்.”

அவன் கதிரையில் உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். கப்பல் வராதது, வீட்டுச் சுவிட்ச், துருப்பிடித்த கதை, பஸ்தியான். அவன் முடித்தபின்தான் நிஃப்லா கேட்டாள்.

“‘தொடவேணாமெண்டு போய்ச் சொல்லு.’ இவ்வளவுதானே. அதச் சொல்ல எவ்வளவு மூச்சு வேணும் உங்களுக்கு?”

“சொன்னா ஏனெண்டு கேப்பாங்களே.”

“கேட்டாச் சொல்லியிருக்கலாமே.”

“நீயாவது சொன்னத மட்டும் சொல்லியிருக்கலாம்,” என்றான்.

அது அவளை அறைந்ததுபோல இருந்தது. அதில் பாதி உண்மை இருந்ததுதான் காரணம். அவளுக்கு அழுகை வரவில்லை. அவன்மேல் வந்த வெறுப்பும் தன்மேல் வந்த வெறுப்பும் ஒன்றோடு ஒன்று கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் கிடந்தது.

மறுநாள் பகல், ஆட்களைப் பார்க்க விடும் நேரத்துக்கு இருவரும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வழியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, தலையைத் திருப்பாமலே சியாம் சொன்னான்.

“அங்க ஒண்டும் கதைக்காத. ஹஃபீலாட வூட்டு சுவிச்சப் பின்னேரம், வெயில் போனவுடனே மாத்திடுறன். அதோட எல்லாம் முடிஞ்சுது.”

நிஃப்லா பதில் சொல்லவில்லை. அவன் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டான்.

நஃபீஸாவின் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது. உள்ளே ஹஃபீலாவும் முகாம் பெண்கள் சிலரும் நின்றார்கள். வெளியில் மர்ஸூக். வலக்கைப் பெருவிரலையும் பக்கத்து இரண்டு விரலையும் எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொன்னதை அவன் தணிந்த குரலில் சியாமிடம் சொன்னான். ஊசி பிடிக்கும் விரல்கள்.

“இத்தாவில ஆஸ்பத்திரிக்கு வரலாமாண்டு கேட்டுக் கேட்டு அழுதா. மௌலவிக்குக் கோல் எடுத்துக் காதில வெச்சன். ‘உயிருக்கு ஆபத்தெண்டா வூட்டுக்குள்ள ஆரும் வரலாம், நீங்களும் வெளிய போகலாம், மார்க்கம் ஒருத்தரையும் எரியச் சொல்லயில்ல’ எண்டாரு. அதுக்குப் பொறவுதான் படுத்தா.”

சியாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். நிஃப்லா திரைக்குள் போனாள்.

நஃபீஸாவின் இரண்டு கையும் முழங்கைவரை வெள்ளைத் துணியால் சுற்றித் தலையணைமேல் கிடந்தன. முகம் வீங்கியிருந்தது. நிஃப்லாவைக் கண்டதும் அவள் கண் நிரம்பியது.

“கிட்ட வா புள்ள. ராவு முழுக்க உனக்குத்தான் துஆ. நீ வந்து சொல்லாட்டி, நான் நிப்பாட்டாம விட்டிருப்பன். அது தானா வெடிச்சி, என்ட ரெண்டு புள்ளையும் நித்திரையிலயே போயிருக்கும். கை போனாப் போகட்டும்.”

பெண்கள் ஆமோதித்தார்கள். ஒருத்தி நிஃப்லாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவலில் அவளுக்கு உடம்பு கூசியது. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று தெரியவில்லை. பேசாமல் இருந்தால் எல்லாம் அப்படியே நல்லபடியாக முடிந்துவிடும் போலவும் இருந்தது. துஆவும் கிடைக்கும்.

“எங்கட வூட்டயும் அதே பெட்டிதானே,” என்றாள் ஹஃபீலா. “இப்பதான் ஞாபகம் வருது. மகள் தனிய இருக்கிறா.” போனை எடுத்துக் காதில் வைத்தாள். “மகள், சோலர்ப் பெட்டி தெரியுமா? முன்னறையில. ஓம், அதுதான். ஒரு கதிரையப் போட்டு ஏறி—”

ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தது. நிஃப்லா திரையின் இடைவெளியால் பார்த்தாள். சியாமுக்கு ஹஃபீலா சொல்வது கேட்டது. அவன் தலை நிமிர்ந்தது. வாய் திறந்தது. நேற்று வாசற்படியில் திறந்த அதே வாய். அவன் மர்ஸூக்கைப் பார்த்தான், மறுபடியும் நிலத்தைப் பார்த்தான்.

நிஃப்லா போனைப் பறித்தாள்.

“மகள், தொடாத. கேக்குதா? ஏறாத. அதத் தொடாம வூட்டப் பூட்டிட்டு வெளிய வா. மாமி வூட்ட போய் இரி. பொழுது படும்வரைக்கும் ஒருத்தரும் அதத் தொடக்கூடாது.”

பிள்ளை சரி என்று சொல்லும்வரை போனை அவள் காதில் இருந்து எடுக்கவில்லை. பிறகு ஹஃபீலாவின் கையில் கொடுத்தாள். எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

“அது தானா எரியயில்ல,” என்றாள் நிஃப்லா. திரைக்கு வெளியே கேட்குமளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னாள். “வெயில் நேரத்தில நிப்பாட்டினதாலதான் எரிஞ்சது. அது சோலருக்குப் பூட்டுற சுவிச்சு இல்ல. இவரு தெரிஞ்சிகொண்டு பூட்டினாரு. வேற வூடுகளிலயும் பூட்டி, பொய் சொல்லிச் சொல்லி மாத்தினாரு. புதுச் சுவிச்சு எங்கட வூட்டுப் பையிலதான் கிடந்தது. அவரு எனக்குச் சொல்லயில்ல. நிப்பாட்டச் சொன்னது நான், ராத்தா. என்ட வாயாலதான் நீங்க எரிஞ்சீங்க.”

வெளியில் மர்ஸூக் சியாமின் சட்டையைப் பிடித்து, என்ன நினைத்தானோ, விட்டுவிட்டான். ஹஃபீலா போனை மார்போடு அணைத்துக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

நஃபீஸா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மயங்கிவிட்டாளோ என்று நிஃப்லா பயந்தாள். பிறகு அவள் கண்ணைத் திறந்து, கட்டுப்போட்ட கையால் திரையைக் காட்டினாள்.

“அத விலக்கு.”

நிஃப்லா திரையை விலக்கினாள். நளீர் மௌத்தானபின் முதல் தடவையாக நஃபீஸா ஓர் அந்நிய ஆணை நேராகப் பார்த்தாள். சியாம் மறுபக்கம் திரும்பப் போனான். மர்ஸூக் விடவில்லை.

“தம்பி,” என்றாள். கோபம் தெரியாத, களைத்த குரல். “என்ட இத்தாவா உங்களத் தடுத்தது?”

சியாம் உதவி கேட்பதுபோல நிஃப்லாவைப் பார்த்தான். அவள் அவனுக்காகப் பதில் சொல்லவில்லை.